விசுவாசமும் தெரபியும்: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சியில் இருக்கும் ஒருவரின் அமர்வுப் பதிவைப் போன வாரம் கேட்டேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று முறை, "கர்த்தர் உங்களை மன்னித்துவிட்டார்" என்றார். மூன்று முறையும் எதிரே இருந்தவர் பெருமூச்சு விட்டார். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது என்பது போல எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் ஜெபிப்பது

சபைக்குப் போகிறவர்தானே என்று நீங்களாகக் கண்ணை மூடாதீர்கள். சபையில் காயப்பட்டு வந்தவருக்கு அந்த ஒரு நிமிடமே நடுக்கமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

போதகரிடம் சொல்லிவிடுவது

எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு; அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாராவாரம் மன்னிப்பை உறுதிப்படுத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது அன்பு போலவே இருக்கும்.

ஒரு இளைஞர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மனதுக்குள் கடவுளை இகழும் ஒரு தூஷண வார்த்தை தானாக ஓடிவிட்டது. ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று மத்தேயு 12இல் இருக்கிறதே, அதை நான் செய்துவிட்டேனா என்று கேட்டார். 1 யோவான் 1:9ஐ வாசித்துக் காட்டினேன், சேர்ந்து ஜெபித்தோம், முகம் தெளிந்து போனார். அன்று இரவே மெசேஜ்: "பிரதர், அந்த வார்த்தையை நான் வேணும்னே நினைச்சிருந்தா?"

ஏழு மாதம் இப்படியே போனது. ஒருநாள் ஒரு நோட்டை நீட்டினார். பக்கம் பக்கமாகத் தேதி, அறிக்கையிட்ட பாவம், எதிரே டிக். ஒரே பாவத்துக்குப் பதினாறு டிக். அதில் பாதி என் அறையில் போட்டவை.

இது விசுவாசக் குறைவு அல்ல. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒன்றையே மறுபடி மறுபடி செய்ய வைக்கும் ஓசிடி என்ற மனநோயின் ஒரு வகை; பாவ பயத்தைச் சுற்றி வரும் இதை ஸ்க்ருபுலாசிட்டி என்பார்கள். எண்ணம் வரும், பதற்றம் ஏறும், யாராவது உறுதி சொன்னதும் இறங்கும். அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் கேட்கச் சொல்லி மூளையைப் பழக்குகிறது. கை கழுவிக்கொண்டே இருப்பவருக்குச் சோப்பு எடுத்துக் கொடுப்பதும், இவருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதும் ஒன்றுதான். 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் விவரித்த முறையிலிருந்து வளர்ந்த ஈஆர்பி சிகிச்சை நேர் எதிரானது: எண்ணம் வரட்டும், பதில் தேடாமல் அந்தப் பதற்றத்தோடு இருந்து பழகட்டும். தூஷணம் சொல்லச் சொல்வதல்ல இது. மத்தேயு 12ஐ வாசித்துவிட்டு, ஜெபித்துச் 'சரிசெய்யாமல்' எழுந்து போவது.

இது விசுவாசத்துக்கு எதிரானதில்லையா என்று பயிற்சியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வேதனையில்தான் கிடந்தார். மூன்று நாள் எடுத்து முழுப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தவர், அதில் ஏதோ விட்டுப்போயிற்று என்று தவித்தார். திரும்பத் திரும்ப அறிக்கை செய்தும் தீரவில்லை. பழைய பாவங்களை இனி அறிக்கை செய்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுபட்டார்.

ஆகவே வேதம் சொல்லும் பதிலை ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குமேல் கேட்டால், "இது உங்கள் கேள்வியா, ஓசிடியின் கேள்வியா?" என்று மட்டும் கேளுங்கள். சம்மதம் வாங்கிப் போதகரையும் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிறுத்தினால் அவர் அவர்களிடம்தான் போவார். அந்த இளைஞரை ஓசிடிக்குப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஏழாவது மாதம் அனுப்பினேன். முதல் மாதமே அனுப்பியிருக்க வேண்டும்.

மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துவது

வீட்டில் அடி வாங்கியவரிடம், அடி நின்றுவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

சாக நினைக்கிறாரா என்று கேட்கத் தயங்குவது

விசுவாசிக்கு அந்த எண்ணம் வராது என்று விட்டுவிடுகிறார்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டவர் எலியா தீர்க்கதரிசி. தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கியவரை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்க விட்டான். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் சாவு எண்ணம் பற்றி இருக்கும் ஒன்பதாவது கேள்வியைக் காகிதத்தோடு விட்டுவிடாமல் வாய்திறந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால், எப்படி, எப்போது, கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அன்று அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.