வரைபடம் கோணலா? முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

லைடார் (லேசரைச் சுழற்றித் தூரம் அளக்கும் சென்சார்) பொருத்திய சின்ன ரோபோவை வீட்டுக்குள் ஓட்டி வரைபடம் போட்டால், அதில் ஒரே சுவர் இரண்டாக விழும், நேரான நடைவழி வளையும். உடனே பலர் கை வைப்பது, வரைபடம் போடும் மென்பொருளான ஸ்லாம் டூல்பாக்ஸின் அமைப்புக் கோப்பில். பெரும்பாலும் பிழை அங்கே இருக்காது. சக்கரக் கணக்கில் இருக்கும்.

மஞ்சள் டிடி மோட்டாருடன் வரும் 20 துளை என்கோடர் (சக்கரச் சுழற்சியைத் துடிப்புகளாக எண்ணுவது) தட்டையே எடுத்துக்கொள்வோம். 65 மிமீ சக்கரம் ஒரு சுற்றில் 204 மிமீ ஓடும். அப்படியானால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 1 செமீ. ஒற்றைச் சென்சார் என்பதால் ரோபோ முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்பதும் தெரியாது. வரைபட வேலைக்கு இது ஆகாது. இரண்டு சானல் ஹால் (காந்தத்தை உணரும்) என்கோடர் உள்ள மோட்டாரை வாங்குங்கள். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 11 துடிப்பு, 1:34 கியர், இரு சானல்களின் ஏற்ற இறக்கம் நான்கையும் எண்ணினால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 1496. ஓர் எண்ணிக்கைக்கு 0.14 மிமீ.

பிறகு அளவுத் திருத்தம். இதில் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் 3 மீட்டர் நேராக ஓட்டி டேப்பால் அளந்து பாருங்கள். டேப் சொல்லும் தூரத்தை ரோபோ சொல்லும் தூரத்தால் வகுத்து, மென்பொருளில் உள்ள சக்கர விட்டத்தை அந்த விடையால் பெருக்குங்கள். அடுத்து, நின்ற இடத்திலேயே 10 சுற்று. ரோபோ 3600° என்று சொல்லும்போது தரையில் போட்ட குறி 3780° காட்டினால், சக்கர இடைவெளியை 3600/3780 ஆல் பெருக்க வேண்டும். ஸ்கேலால் அளந்த இடைவெளியை நம்ப வேண்டாம்: அகலமான ரப்பர் டயர் தரையை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதில் 5% பிசகினால் ஒரு முழுச் சுற்றுக்கு 18° தவறும்.

சரியாகிவிட்டதா என்று ஆர்விஸில் (ரோபோ காண்பதைத் திரையில் காட்டும் மென்பொருள்) பார்க்கலாம். நிலையான ஃபிரேமாக ஓடோமை (சக்கரக் கணக்கு சொல்லும் இடம்) வைத்து, லேசர் ஸ்கேனின் டிகே டைமை (பழைய புள்ளிகள் திரையில் தங்கும் நேரம்) 20 விநாடியாக்கி ஓட்டுங்கள். சுவர்க்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். விசிறிபோல் விரிந்தால் ஸ்லாமைத் தொடவே வேண்டாம்.

வேகமாகத் திருப்புவது அடுத்த தவறு. ஆர்பிலைடார் ஏ1 சாதாரணமாக 5.5 ஹெர்ட்ஸில் சுழல்கிறது. ஒரு ஸ்கேனுக்கு 0.18 விநாடி. அதற்குள் விநாடிக்கு 1 ரேடியன் வேகத்தில் திரும்பும் ரோபோ 10° நகர்ந்துவிடும், 3 மீட்டர் தள்ளியுள்ள சுவர் அரை மீட்டர் பிசகும். வரைபடம் போடும்போது விநாடிக்கு 0.3 ரேடியனைத் தாண்டாதீர்கள். நிலைப்படி ஏறும்போது சக்கரம் வழுக்கும் என்பதால் அங்கே இன்னும் மெதுவாக.

லைடாரின் முன்பக்கம் ரோபோவின் முன்பக்கத்தோடு ஒத்திருக்கிறதா? தலைகீழாக மாட்டியிருந்தால் அதை டிஎஃப்-இல் (எந்தப் பாகம் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்ற விவரம்) சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். திருப்பத்தை அளக்க வைக்கும் எம்பியு6050 சென்சாரில் திசை காட்டும் காந்தமானி கிடையாது. இயக்கியதும் சில விநாடி அசையாமல் வைத்து அதன் கைரோவின் (சுழலும் வேகத்தை அளப்பது) பிசகைக் கழித்தாலும் திசை மெல்ல நழுவத்தான் செய்யும். ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, இல்லாத அறையொன்றை வரைந்துவிடும். லைடார் உயரத்தில் ஒரு அட்டையை ஒட்டினால் போதும்.

வழிசெலுத்தலில் அடிக்கடி பார்ப்பது இது: ரோபோவுக்கு வழி தேடித்தரும் மென்பொருளான நாவ்2-வின் மாதிரிக் கோப்பில் உள்ள 0.22 மீட்டர் ரோபோ ஆரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். உங்கள் ரோபோவின் ஆரம் 0.12 என்றால் நுழையக்கூடிய இடுக்கும் அடைபட்டதாகத் தெரியும். அதற்கு வைத்தியமாக இன்ஃப்ளேஷன் ஆரத்தை (தடைகளைச் சுற்றி விடும் ஒதுக்கத்தை) சுழியாக்குவது இன்னும் மோசம். ரோபோ சுவரை உரசியே போகும். இன்ஃப்ளேஷன் என்பது தடைச்சுவர் அல்ல, வழி தேடும்போது சுவரை நெருங்க நெருங்க ஏறும் செலவு. மெய்யான ஆரத்தைக் கொடுத்து, காஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டரைக் கூட்டிப் பாருங்கள்; சுவரை விட்டு விலகும்போது அந்தச் செலவு சீக்கிரம் குறையும்.

கடைசியாக, பிஜிஎம் (வரைபடப் படம்), யாமல் (அதன் விவரங்கள்) கோப்புகளை மட்டும் சேமித்தால் விட்ட இடத்திலிருந்து வரைபடத்தைத் தொடர முடியாது. ஸ்லாம் டூல்பாக்ஸின் சீரியலைஸ் கட்டளையால் போஸ்கிராஃபையும் (ரோபோ நின்ற இடங்களையும் அவற்றின் தொடர்புகளையும் வைத்திருக்கும் கோப்பு) சேமியுங்கள்.