40-இல் தொடங்காதீர்கள்: நுண்ணோக்கி முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றாம் படிவ அறிவியலில் உயிரணுப் பாடம் வந்தால், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிகளிலும் வெங்காயமும் நுண்ணோக்கியும் மேசைக்கு வந்துவிடும். பாதி மேசைகளில் "டீச்சர், ஒன்றும் தெரியவில்லை" என்பதோடு பாடம் முடிந்துவிடும். பழைய கருவி என்று பழி போடுவது சுலபம். பெரும்பாலும் குற்றம் கருவியில் இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெரிதாகப் பார்த்துவிடத் துடிக்கும் அவசரத்தில் இருக்கிறது.

பள்ளி நுண்ணோக்கியில் வழக்கமாக 4, 10, 40 மடங்கு லென்ஸுகள் கீழே இருக்கும். கண் வைக்கும் லென்ஸ் 10 மடங்கு. ஆகவே 40-ஐத் திருப்பினால் 400 மடங்கு. பிள்ளைகளின் கை நேராக அதற்குத்தான் போகும். ஆனால் பெருக்கம் ஏற ஏறக் கண்ணில் படும் பரப்பு சுருங்குகிறது. 4-இல் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் அகலம் தெரிந்தால், 40-இல் அரை மில்லிமீட்டர்கூடத் தெரியாது. அந்தச் சிறு வட்டத்துக்குள் வெங்காயத் தோல் தானாக வந்து நிற்காது. 4-இல் தேடிப் பிடித்து நடுவே கொண்டுவந்து, 10-இல் தெளிவாக்கி, அதன் பிறகு 40-க்குப் போக வேண்டும். நாம் பார்ப்பது தலைகீழ் பிம்பம் என்பதால், ஸ்லைடை, அதாவது பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டை, வலப்புறம் தள்ளினால் படம் இடப்புறம் ஓடும்.

40 மடங்கு லென்ஸின் முனைக்கும் ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. அங்கே மேடையை வேகமாக ஏற்றி இறக்கும் பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடு நொறுங்கும். லென்ஸிலும் கீறல் விழும். ஸ்லைடு வைக்கும் மேடையை உயர்த்தும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கண்ணை வைத்தபின் மேடையைக் கீழே இறக்கித் தெளிவு தேடுங்கள். 40-இல் சிறிய திருகு மட்டுமே. 4-இலும் 10-இலும் பளிச்சென்று தெரிந்தது 40-இல் மட்டும் பிடிபட மறுத்தால், ஸ்லைடு கவிழ்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடின் கனம் ஒரு மில்லிமீட்டர். அதைத் தாண்டி அந்த லென்ஸால் எட்ட முடியாது.

விளக்கை முழுதாக ஏற்றுவது அடுத்த தவறு. உயிரணு ஒளி ஊடுருவும் பொருள். வெளிச்சம் கூடினால் அதன் விளிம்பே மறைந்துவிடும். மேடைக்கு அடியில் உள்ள துளையைச் சுருக்கினால் உயிரணுவின் சுவர் கோடு கோடாக எழுந்து வரும். விளக்குக்குப் பதில் கண்ணாடி பொருத்திய பழைய கருவியானால், அதை வெயிலுக்கு நேராகத் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

இனி வெங்காயம். உரித்த இதழின் உட்புறத்திலிருந்து வரும் மெல்லிய சவ்வு போதும். சதையோடு வெட்டி வைத்தால் உயிரணுக்கள் அடுக்கடுக்காகக் குழம்பித் தெரியும். ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு, மூடும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு விளிம்பை முதலில் தொடவைத்து மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். தடித்த கறுப்பு விளிம்பும் கச்சிதமான வட்டமுமாக இருக்கும் அந்தக் குமிழியைத்தான் எத்தனையோ நோட்டுப் புத்தகங்களில் 'உயிரணு' என்று வரைந்து வைத்திருக்கிறார்கள்!

வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்வதும் என் கணக்கில் தவறுதான். செம்பனைத் தோட்டம் பக்கத்தில் இருக்கிறது. ஆண்பூவைத் தாளில் தட்டினால் மகரந்தம் உதிரும். தண்ணீரில் கலந்து 400 மடங்கில் பார்க்கலாம். அந்தப் பூவில் ஊரும் குட்டி வண்டு, கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதற்கு முன் பல தோட்டங்களில் தொழிலாளர்களே கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வண்டை 40-இல் வைக்காதீர்கள். ஒளி புகாத உடல் என்பதால் கீழ் விளக்கில் வெறும் நிழல்தான் தெரியும். 4-இல் வைத்து, மேலிருந்து டார்ச் அடித்தால் உடலில் இருக்கும் ரோமம் வரை தெரியும்.

தூக்கும்போது ஒரு கை கழுத்தில், மறு கை அடியில். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். அதற்கென்று தனித்தாள் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். மேடையின் ஈரத்தைத் துடைத்து, 4-ஐக் கீழே திருப்பி, சிலிக்கா ஜெல் பையோடு அலமாரியில் வையுங்கள். பை ஈரம் குடித்துவிட்டால் மாற்றுங்கள்.