லேப்ரடார் குட்டி: முதல் ராத்திரியிலிருந்து முதல் மாதம் வரை

"வாசல்ல கிடந்தாத்தான் காவல் காக்கும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக, வந்த அன்றைக்கே குட்டியைத் திண்ணைத் தூணில் கட்டிப்போடும் பழக்கம் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இன்னும் இருக்கிறது. லேப்ரடார் விஷயத்தில் இது அடியோடு தப்பு. காவலுக்கென்று உருவான இனமே அல்ல அது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழியில் வந்து, பிரிட்டனில் சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரப் பழகியது. 1903-இல் அங்கே தனி இனமாகப் பதிவானது. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதன் பிறவிக் குணம். தனியாகக் கட்டிப்போட்டால் கத்தும், மண்ணைத் தோண்டும், கிடைத்ததைக் கடிக்கும். உங்களோடு ஒட்டாது.

குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்த பிறகு வாங்குங்கள். "ஒரு மாசக் குட்டி, இப்பவே எடுத்துக்குங்க" என்று விற்பவரிடம் வாங்க வேண்டாம். தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. தீபாவளி வாரத்திலும் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும்போதும் கூட்டிவர வேண்டாம். சித்திரை, வைகாசி என்றால் காலை எட்டு மணிக்குள் வீடு வந்து சேருங்கள். கிளம்பும்போது இரண்டு பொருள் கேட்டு வாங்குங்கள்: தாய் படுத்த துணியில் ஒரு துண்டு, இதுவரை சாப்பிட்ட தீனியில் ஒரு வாரத்துக்கானது.

முதல் ராத்திரிகள்

அதுவரை உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்கிய குட்டிக்கு அன்றுதான் முதன்முதலாகத் தனி இரவு. அது அழுவது பிடிவாதத்தால் அல்ல, பயத்தால். "அழட்டும், ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்பார்கள். அடங்கும்தான். ஆனால் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அடங்கும்.

கூடத்திலோ அறையிலோ, நீங்கள் படுக்கும் பாய்க்கு ஒரு கை தூரத்தில் அதன் படுக்கையை வையுங்கள். உயரமான அட்டைப் பெட்டியோ கம்பிக் கூண்டோ போதும். அடியில் பழைய கோணிச்சாக்கு, அதன்மேல் தாயின் வாசமுள்ள துணி. அழுதால் விளக்கைப் போட வேண்டாம், தூக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம். கையை உள்ளே விட்டு நெஞ்சுப் பக்கம் வைத்திருங்கள், சில நிமிடத்தில் தூங்கிவிடும். எட்டு வாரக் குட்டியால் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். அதனால் பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, அது அழுவதற்கு முன்பே கொல்லைக்குத் தூக்கிப் போங்கள். அழுத பிறகு தூக்கினால், அழுதால் வெளியே போகலாம் என்று படித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துப் படுக்கையை நாளுக்கு ஒரு முழம் நகர்த்தி, நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

மூத்திரம் போகும் இடம்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாட்டு முடிந்ததும், இவை தவிரப் பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையும் கொல்லையில் ஒரே மூலைக்குக் கூட்டிப் போங்கள். போய் முடித்த மறு நொடியே, அங்கேயே, கையில் இருக்கும் ஒரு துணுக்குத் தீனியைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

முற்றம் வைத்த வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மேலே வானம் தெரிவதால் குட்டிக்கு முற்றமும் வெளிதான். முதல் மாதம் தாழ்வாரத்தை ஒரு பலகையால் அடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு சிக்கல். காய்ந்த மண்ணில் பழகிய குட்டி, சேற்றில் கால் வைக்க மறுத்து வீட்டுக்குள் வந்து மூத்திரம் போகும். மழைக்கு முன்பே தாழ்வான ஒரு தட்டில் மணல் பரப்பி எரவாணத்தின் கீழ் வைத்துப் பழக்குங்கள். தரையில் போய்விட்டால் அடிப்பதும், மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். மனிதர்கள் பார்க்கும்போது போகக்கூடாது என்று மட்டும் புரிந்துகொண்டு, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் துடையுங்கள். பினாயில் போட்ட தரையை நக்கினால் குட்டிக்கு ஆகாது.

தீனி

முதல் மூன்று நாள் பழைய தீனியே. பிறகு ஒரு வாரத்தில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று புதியதைக் கலந்து மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். ஐந்து கிலோ எடையுள்ள குட்டிக்குப் பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் தீனி நாளுக்கு 170 முதல் 200 கிராம், நான்கு வேளையாக. பொட்டலத்தின் அட்டவணையையும் பாருங்கள், கையளவில் போடாமல் தராசில் நிறுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை.

வெறும் தயிர்சாதத்தில் வளர்ந்த லேப் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், தசை இருக்காது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் எலும்பில்லாத கோழிக்கறி, முட்டை, பூசணி, கேரட் எல்லாம் எந்த அளவில் என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது. கால்சியம் டானிக்கை நீங்களாக வாங்கி ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். வேகமாக வளரும் பெரிய இனத்துக்குக் கால்சியம் கூடினால் எலும்பும் மூட்டும் கோணலாகும். நல்ல குட்டித் தீனியில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது.

தட்டு காலியானதும் பாவமாகப் பார்க்கும். நம்பாதீர்கள். லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு வயிறு நிறைந்ததை உணர்த்தும் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், அதுவே சரியான அளவு.

நம் வீடுகளில் பெரிய ஆபத்து எச்சில் இலை. கொல்லையில் எறிந்த இலையை மோப்பம் பிடித்துப் போய், வெங்காயம், மீன்முள், வேகவைத்த கோழி எலும்பு எல்லாவற்றையும் விழுங்கும். வெங்காயம் இரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலையை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் குட்டிக்கு அதன் தீனியைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வையுங்கள். பந்தியில் ஒருவர் ஒரு வாய் கொடுத்தாலும் பழக்கம் கெட்டது.

எல்லோருக்கும் ஒரே சொல்

தாத்தா "உக்காரு" என்பார், பேரன் "சிட்" என்பான், அத்தை தட்டைக் காட்டிக் கூப்பிடுவார். குட்டிக்கு மூன்றும் மூன்று சத்தம். ஐந்தாறு சொற்களை முடிவு செய்து காகிதத்தில் எழுதிச் சமையல்கட்டுக் கதவில் ஒட்டுங்கள். பெயரைச் சொல்லி, அது திரும்பிப் பார்த்த கணமே ஒரு துணுக்கு. இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வீட்டில் வேறொருவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டக் கூடாது, அதன்பின் கூப்பிட்டால் வராது.

குழந்தைகள் நின்றுகொண்டு குட்டியைத் தூக்கவே கூடாது. தரையில் சம்மணம் போட்டு உட்காரட்டும், குட்டி தானாக மடிக்கு வரட்டும். தூங்கும் குட்டியை எழுப்பக் கூடாது, நாளில் பதினெட்டு மணி நேரம் அதற்குத் தூக்கம் வேண்டும். சாயங்காலத்தில் வெறிபிடித்தாற்போல் ஓடிக் கடிப்பது பெரும்பாலும் தூக்கம் போதாததால்தான், படுக்கையில் விடுங்கள். தாவி ஏறினால் முகத்தைத் திருப்பி நில்லுங்கள், நான்கு காலும் தரையில் பட்டதும் தடவிக் கொடுங்கள். ஐந்து கிலோவில் தாவுவது அழகு. முப்பது கிலோவில் தாவினால் பாட்டி விழுந்து இடுப்பு முறியும்.

கடிப்பதற்கு, ஈரத்துணியை முடிச்சிட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுங்கள். நான்காவது மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும்போது இது மிகவும் உதவும். தேங்காய் மட்டையைக் கொடுக்க வேண்டாம், விழுங்கிய நார் குடலை அடைக்கும்.

வெளியே போவதற்கு முன்

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படும். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டாவது வாரத்தில். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கொரு முறை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவசரத்துக்கு எங்கே, எந்த நேரத்தில் மருத்துவர் கிடைப்பார் என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஊசிகள் முடியும் வரை தெருமண்ணில் விட வேண்டாம். ஆனால் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்: டிராக்டர், அறுவடை இயந்திரம், மாடு, கோவில் மேளம், பஸ் ஹாரன். பன்னிரண்டு வாரத்துக்குள் நிம்மதியாகப் பார்த்தவற்றுக்கு அது பிற்பாடு மிரளாது.

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நீந்தவிடும் ஆசை வரும். பொறுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோ காய்ச்சல் வரும், அதற்கான ஊசியும் முடிந்திருக்க வேண்டும். வயலில் எலிக்கு விஷம் வைத்திருக்கும் நாட்களையும் மருந்தடிக்கும் நாட்களையும் பக்கத்து வயற்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணியைக் காது மடலிலும் விரலிடுக்கிலும் தினம் பாருங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைக் குட்டிக்குப் பூசக் கூடாது.

தனியே இருக்கப் பழக்குதல்

ஒரு மாதம் எப்போதும் யாராவது மடியில் வைத்திருந்துவிட்டு, நடவுக்கோ கல்யாணத்துக்கோ வீடே பூட்டிக் கிளம்பினால் குட்டி நிலைகுலைந்துபோகும். ஐந்தாவது நாளிலிருந்தே தொடங்குங்கள். கடிக்க ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் கதவுக்கு அந்தப்புறம், அடுத்த நாள் மூன்று, பிறகு ஐந்து, பத்து. போகும்போது விடைபெறும் பேச்சு வேண்டாம், வந்ததும் ஆரவாரம் வேண்டாம். கதவைப் பிறாண்டினாலோ, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாலோ நேரத்தை அவசரப்பட்டுக் கூட்டிவிட்டீர்கள். கடைசியாக அமைதியாக இருந்த நேரத்தில் பாதிக்கு இறங்கி, மறுபடி ஏற்றுங்கள்.