சோலை ஓரத்து மாஸ்: பொகோனேட்டமா, பாலிட்ரைக்கமா?

பழனிமலையிலும் நீலகிரியிலும் சாலைக்கு வெட்டிய ஈரமண் சரிவுகளில், குட்டிப் பைன் நாற்றுகள்போல விறைப்பாக நிற்கும் மாஸ் (moss, பூக்காத சிறு பாசிச்செடி) பெரும்பாலும் பொகோனேட்டம் என்ற பேரினம். பாடப்புத்தகப் பழக்கத்தில் பலர் அதன் நெருங்கிய உறவான பாலிட்ரைக்கம் என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலில் 10 மடங்கு கைலென்ஸை கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை லென்ஸுக்கு அருகே கொண்டுவாருங்கள். காய்ந்த செடியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இலை சுருண்டு வேறு இனம்போலத் தெரியும். தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் விரியும். இலையின் மேற்புறத்தில் நெடுக்காகப் பச்சை வரிகள் தெரிந்தால் இவை இரண்டும் சேர்ந்த குடும்பம்தான். அவை இலைமேல் செங்குத்தாக நிற்கும் மெல்லிய தகடுகள்.

பொகோனேட்டமா என்பதைக் காப்ஸ்யூல்தான் (காம்பு நுனியில் நிற்கும் வித்துப்பை) சொல்லும். மழை ஓய்ந்த மாதங்களில் தேடுங்கள். மேலே மயிரடர்ந்த தொப்பி இருக்கும். அது இரண்டுக்குமே பொது, அதை நம்பாதீர்கள். தொப்பியைக் கழற்றிக் காப்ஸ்யூலை விரலிடுக்கில் உருட்டுங்கள். விளிம்பில்லாமல் உருண்டால் பொகோனேட்டம், பெட்டிபோல விளிம்புகள் தட்டுப்பட்டால் பாலிட்ரைக்கம். வாய் ஓரத்துப் பற்களை நுண்ணோக்கியில் எண்ணினால் பொகோனேட்டத்தில் வழக்கமாக 32, பாலிட்ரைக்கத்தில் 64. கால்வட்டம் எண்ணி நான்கால் பெருக்கினாலே போதும்.

சிற்றினம் வரை போக இலையைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். தகட்டின் உச்சிச் செல் வழவழப்பா, சொரசொரப்பா, நடுவே பள்ளமா என்பதுதான் இங்கே முக்கியம். இலையைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள், காய்ந்தது நொறுங்கும். கண்ணாடிச் சில்லில் வைத்து, மேலே இன்னொரு சில்லை அழுத்தி, அதன் விளிம்பையொட்டிப் புது பிளேடால் நறுக்குங்கள். சில்லை இம்மி இம்மியாகப் பின்னுக்கு நகர்த்தி இருபது துண்டு போட்டால் இரண்டு மூன்று தேறும். இலையின் நடுப்பகுதியில் வெட்டுங்கள். அடியில் தண்டைத் தழுவும் உறைப்பகுதியில் தகடே இருக்காது. சாய்வாக விழுந்த துண்டில் உச்சிச் செல் நீண்டு தெரியும், அதைத் தூக்கிப் போடுங்கள்.

மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். பழனிமலைக் காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். அனுமதி கிடைத்தால் காப்ஸ்யூலுடன் நாலைந்து செடி போதும். காகித உறையில் போட்டு இடம், உயரம், தேதி, நிழலா வெயிலா, மண்ணா பாறையா என எழுதுங்கள். பாலித்தீன் பையில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சைதான் மிஞ்சும்.