எடை குறைக்கும்போது சோற்றை மட்டும் தண்டிக்காதீர்கள்

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவு எடுத்ததும் திருநெல்வேலிப் பக்கத்தில் முதலில் தண்டனை வாங்குவது சோறுதான். ராத்திரிக்குச் சப்பாத்தி என்று ஆகிவிடும். தொட்டுக்கொள்ளத் தேங்காய் அரைத்த குருமா, சாயங்காலம் டீயோடு இரண்டு வடை, இதெல்லாம் யார் கணக்கிலும் வராது.

வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. எண்ணெய் வெறும் 15 மில்லியிலேயே ஏறக்குறைய 120. மூன்று தோசையைச் சுற்றி நாம் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று ஒரு நாள் அளந்து பாருங்கள்.

தேங்காய்ப்பாலில் செய்யும் நம்ம ஊர்க் குழம்பான சொதி வைக்கிற அன்றைக்கு இது நன்றாகப் புரியும். இரண்டாம் பாலில் காயை வேகவிட்டு, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்குவார்கள். தேங்காயின் கொழுப்பில் பெரும்பங்கு அந்த முதல் பாலில்தான். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொதியைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்து, உருளைக்கிழங்கு சிப்ஸையும் நொறுக்கினால் எடை எப்படிக் குறையும்? சொதியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வராது. முதல் பாலைப் பாதியாக்கி, காயையும் பருப்பையும் கூட்டி, சோற்றை அளவாக வைத்துச் சாப்பிடலாம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. உடன்குடிக் கருப்பட்டியின் ருசி வேறு, ஆனால் கலோரியில் சீனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கேப்பையும் அப்படித்தான்: நார்ச்சத்து கூடுதல், சத்தும் உண்டு, அதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது.

என்னைக் கேட்டால், பட்டினிதான் எல்லாவற்றிலும் மோசம். காலையில் வெறும் காப்பி, மதியம் வெள்ளரிக்காய் என்று இருந்தால் எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் கொழுப்போடு தசையும் போய்விடும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் தேவை (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவில்). ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் கிடைக்கும். மீன், சுண்டல், மோர் இருக்கின்றன. கறுப்பு உளுந்து போட்ட நம்ம உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கின்றன. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். பாளையங்கோட்டையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் ஐம்பது கிராம் அல்வா வாங்கித் தின்றால் நடந்த கணக்கு சரியாகப் போய்விடும்.

அப்புறம் அவசரம். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைவது நிதானமான வேகம். 15 கிலோ குறைக்க நாலு முதல் ஏழு மாதம் ஆகும். முதல் வாரத்தில் மடமடவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். அந்த வேகம் தொடரவில்லையே என்று சாப்பாட்டை இன்னும் வெட்டுகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரலாம், இரண்டு மூன்று மாதம் கழித்து முடியும் கொத்தாகக் கொட்டலாம். சில மாதங்களில் எடை ஒரே இடத்தில் நிற்பதும் இயல்புதான். உடம்பு இளைக்க இளைக்க அதற்குத் தேவையான கலோரியும் குறையும். அந்தச் சமயத்தில் எடை மெஷினை விட்டுவிட்டு இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது என்று எல்லாவற்றையும் கைவிடுகிறவர்கள் உண்டு. ஏறியது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. பழைய அளவு மருந்தும் புதிய அளவு சாப்பாடும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வை, கைநடுக்கம், மயக்கம் வரலாம். எடை குறையும்போது ரத்த அழுத்தமும் இறங்குவதால் அந்த மாத்திரையின் அளவையும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.