முதல் முறை டவர் ஏறுகிறவர்களுக்கு

புதிதாக மொபைல் டவர் வேலைக்கு வரும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேலே போனா தலை சுத்துமாண்ணே?" என்பதுதான். சுற்றலாம். நாலு தடவை ஏறினால் பெரும்பாலானவர்களுக்கு அது பழகிவிடும். எனக்குப் பயம் வேறு இடத்தில். 40 மீட்டர் உயரத்தில் நிற்பவர் யாரும் சொல்லாமலே பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிக்கொள்வார். ஐந்து மீட்டரில் நிற்பவர்தான் "இவ்வளவுதானே" என்று விட்டுவிடுவார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நேராகப் போய் ஏறாதீர்கள். முறையான பயிற்சி முடித்து, அனுபவமுள்ள ஒருவரோடு முதல் முறை ஏறப் போகிறவர்களுக்குத்தான் இது.

1. ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள்

முதலில் வானம். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது உங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை ஏறக் கூடாது. பலத்த காற்று அடித்தாலும், இரும்பு மழையில் நனைந்திருந்தாலும் அப்படியே.

அடுத்து தேனீ. நம்ம ஊர் டவர்களில் மலைத்தேனீ கூடு கட்டுவது சாதாரணம். போன் கேமராவில் பெரிதாக்கி, ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கு அடியிலும் பாருங்கள். கூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. பாதி உயரத்தில் கொக்கியோடு மாட்டிக்கொண்டு நிற்கும் ஆளால் ஓட முடியாது.

பிறகு ஆண்டெனா. நீங்கள் எந்த ஆண்டெனாவுக்கு முன்னால் நின்று வேலை பார்க்கப் போகிறீர்களோ, அதன் பவரை நிறுத்தச் சொல்லி கட்டுப்பாட்டு அறையிடம் உறுதி வாங்குங்கள். ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனிகள் இருக்கும். ஒருவர் நிறுத்திவிட்டார் என்பதால் மற்றவர்களுடையதும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை.

2. ஹார்னஸ் மாட்டுவது

ஹார்னஸ் என்பது உடம்பு முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை. அதன் முதுகுப் பக்க டி வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறினால் பட்டைகள் தானாகப் பிரிந்து தொங்கும். தையல் பிரிந்திருக்கிறதா, பட்டையில் வெட்டோ வெல்டிங் பொறி பட்ட கருக்கலோ இருக்கிறதா, கொக்கியின் வாய் தானாக மூடிப் பூட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை யாராவது விழுந்து தாங்கிய ஹார்னஸும், அதை டவரோடு இணைக்கும் கொக்கிக் கயிறான லேன்யார்டும் குப்பைக்குத்தான். பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

தொடைப் பட்டையை இறுக்கியபின் உள்ளங்கை தட்டையாக உள்ளே போக வேண்டும். முஷ்டி போகக் கூடாது. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விழுந்தால் முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும்.

3. அந்த ஆறு மீட்டர் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரட்டைக் கொக்கி லேன்யார்டில் ஒரு சிறிய பொட்டலம் தைத்திருப்பார்கள். அதுதான் அதிர்வுதாங்கி. விழும்போது அது கிழிந்து நீண்டு, உடம்பில் விழும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் வைக்கும். அதாவது சுமார் 600 கிலோ எடைக்குச் சமம். ஆனால் கிழிந்து நீள இடம் வேண்டுமே!

கொக்கியைப் பாதத்தருகே மாட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். லேன்யார்டு 2 மீட்டர், தாங்கி நீள்வது 1.75 மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், கூடுதல் பாதுகாப்புக்கு 1 மீட்டர். மொத்தம் 6.25. ஐந்து மீட்டரில் நின்று அப்படி மாட்டினால், அந்தக் கூடுதல் மீட்டரை முழுக்க விழுங்கி, தரையைத் தொடும் கணக்கு வந்துவிடுகிறது.

அதனால் கொக்கி எப்போதும் தலைக்கு மேலே. பாதத்தருகே மாட்டினால் 3.5 மீட்டர் தடையின்றி விழுவீர்கள். கை எட்டும் உயரத்தில் மாட்டினால் 1.5 மீட்டர்தான், தாங்கியும் அவ்வளவாகக் கிழியாது. முதல் படியிலிருந்தே இப்படி மாட்டுங்கள்.

4. விழுந்தால் யார் இறக்குவது?

ஹார்னஸில் தொங்கும் ஆளுக்குக் காலில் ரத்தம் தேங்கும். நிமிடக் கணக்கிலேயே மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். 108 வண்டி கீழே வரைக்கும்தான் வரும். எனவே மீட்புக் கயிறோடு, இறக்கத் தெரிந்த இன்னொருவர் சைட்டில் இருக்க வேண்டும். தனியாக ஏறச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

5. ஏறுங்கள்

ஒரு கொக்கியை மேலே மாட்டி, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் கீழ்க் கொக்கியைக் கழற்ற வேண்டும். ஏதாவது ஒன்று எப்போதும் இரும்பில் இருக்கும். டவரின் காலிலோ தடித்த ஆங்கிளிலோ மாட்டுங்கள். கேபிள் தட்டிலும் ஆண்டெனா தாங்கிக் குழாயிலும் வேண்டாம். அவை உங்கள் எடைக்காக வைத்தவை அல்ல.

கையில் சாமான் வேண்டாம். பையில் போட்டுக் கப்பியில் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள், ஸ்பேனருக்கும் ஒரு கயிறு கட்டுங்கள். 40 மீட்டரிலிருந்து நழுவும் ஸ்பேனர் ஏறத்தாழ மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஒருமுறை என் கையிலிருந்து நழுவியது, டீ வாங்கப் போயிருந்த உதவியாளர் நின்றிருந்த இடத்தில் மண்ணில் குத்தி நின்றது. அன்றிலிருந்து கீழே கயிறு கட்டித் தடுப்பு போடாமல் நான் ஏறுவதில்லை.

மேலே போனதும், டவரைச் சுற்றி மாட்டும் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். அது உங்களை நிற்க வைக்கும் கயிறு. விழுந்தால் தாங்கும் கயிறு இல்லை. அதிர்வுதாங்கிக் கொக்கியும் கூடவே மாட்டியிருக்க வேண்டும்.

6. இறங்குவது

கை ஓய்ந்திருக்கும், மனசு சாப்பாட்டில் இருக்கும். ஏறும்போது மாட்டிய அதே வரிசையில், அதே நிதானத்தில், கடைசி ஐந்து மீட்டரையும் விடாமல் தரை வரை மாட்டி மாட்டி இறங்குங்கள். தரையில் கால் வைத்ததும் கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டு, ஆள் இறங்கிவிட்டார், ஆண்டெனாவை ஆன் செய்யலாம் என்று சொல்லுங்கள். ஹார்னஸை வெயிலில் போடாமல் நிழலில் தொங்கவிடுங்கள்.