வீட்டில் செய்யும் ஃப்ளைட் யோக்: சென்சாரை நேராக மாட்ட வேண்டாம்

கணினி விமான விளையாட்டில் விமானத்தைத் திருப்பும் கைப்பிடிதான் யோக். அதன் தண்டில், திருப்பத்தை அளக்கும் சென்சாரான பொட்டன்ஷியோமீட்டரை (பொட்) நேரடியாக இணைக்காமல், தண்டில் 60 பல் புல்லி, பொட்டில் 20 பல் புல்லி, நடுவே 3டி பிரிண்டர்களில் வரும் ஜிடி2 பல் பெல்ட் என்று போடுங்கள்.

ஆர்கேட் பாணி யோக் இரு பக்கமும் சேர்த்து 90° அளவுக்குத்தான் திரும்பும். பொட்டோ சுமார் 300° சுற்றும். நேராக மாட்டினால் பொட்டைப் படித்து கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ லியோனார்டோ போர்டு தரும் 1024 படிகளில் 300 சொச்சம்தான் கிடைக்கும். தரையிறங்கும்போது விமானம் வெட்டி வெட்டித் திரும்பும். பெல்ட் போட்டால் 90° திருப்பம் 270° ஆகிவிடும், படிகளும் 900-ஐத் தாண்டும். பல்சக்கரத்தைவிட பெல்ட்டே மேல். பற்களுக்கு இடையே ஆட்டம் இருந்தால் யோக்கின் நடுநிலை நிற்காது.

பொட் வாங்கும்போது பி10கே (சீராக ஏறும் 10 கிலோ ஓம் வகை) கேளுங்கள். ஏ என்று தொடங்குவது ஒலி அளவுக்கானது, சீராக ஏறாது. திருப்பத்தை நிறுத்தும் தடுப்பு தண்டில்தான் இருக்க வேண்டும், பொட்டில் வேண்டாம், உடைந்துவிடும்.

யோக் 180° திரும்பும் என்றால் இந்த 3:1 பல் விகிதம் ஆகாது, 3:2 போதும். ஏஎஸ்5600 காந்த சென்சார் வைத்திருப்பவர்களுக்கு பெல்ட்டே தேவையில்லை, ஒரு சுற்றுக்கு 4096 படி அதிலேயே இருக்கிறது.